1924இல் நடந்தோம், இன்று கடக்க முடியவில்லை: ஆம்பூர் நெடுஞ்சாலையின் கதை

மாலை ஐந்தரை மணிக்கு மேல் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் நெடுஞ்சாலையோரம் உள்ள ஏதாவது ஒரு ஷூ கம்பெனி வாசலில் நின்று பாருங்கள். ஷிப்ட் முடிந்ததும் பெண்கள் கூட்டமாக வெளியே வருவார்கள். தோளில் டிபன் பை, கழுத்தில் அடையாள அட்டை. கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறவர்கள் போக மீதிப் பேர் சாலையை நோக்கி நடப்பார்கள். ஷேர் ஆட்டோவும் டவுன் பஸ்ஸும் எதிர்ப்பக்கத்தில். நடுவில் சென்னைக்கும் பெங்களூருக்கும் பறக்கிற லாரிகள், ஆம்னி பஸ்கள், கார்கள். முதலில் ஒருத்தி கையை நீட்டியபடி இறங்குவாள். அவள் பின்னால் பத்துப் பேர். பாதி தூரம் ஓடி மீடியன் மேல் ஏறி நிற்பார்கள். மறுபாதிக்கு இன்னொரு ஓட்டம்.

என் சித்தி இருபத்திரண்டு வருஷம் அப்பர் தைக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். "மெஷின் ஊசி விரல்ல ஏறியிருக்கு, அதுக்குக்கூட நான் பயந்ததில்ல. இந்த ரோட்டுக்குத்தான் பயம்" என்பார். எங்கள் பக்கத்தில் அதை யாரும் தேசிய நெடுஞ்சாலை என்று சொல்வதில்லை, பைபாஸ் என்றுதான் சொல்வோம். ஊரைத் தொடாமல் ஒதுங்கிப் போகிற சாலைக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். ஆனால் இது ஊர் நடுவில் ஓடுகிறது. இந்தப் பக்கம் கம்பெனி, அந்தப் பக்கம் வீடு.

இந்தச் சாலையைப் பாதுகாப்பாக மாற்றிக் கட்ட வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறார்கள். மேம்பாலம், சுரங்கப்பாதை, சர்வீஸ் சாலை, நெரிசல் குறைப்பு என்று கோரிக்கைகள் வருகின்றன. நல்லதுதான். ஆனால் அந்தத் திட்டம் யாரை எண்ணி வரையப்படுகிறது என்ற கேள்வியைத் தலித் இயக்கம் கேட்டாக வேண்டும். அதைக் கேட்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

பாலாற்றுப் பள்ளத்தாக்கு இங்கே குறுகலானது. ஒரு பக்கம் ஏலகிரி, ஜவ்வாது மலைகள். மறுபக்கம் ஆந்திர எல்லைக் குன்றுகள். நடுவில் இருக்கிற கொஞ்ச இடத்தில் ஆறு, ரயில் பாதை, சாலை மூன்றும் ஒன்றையொன்று ஒட்டி ஓடுகின்றன. மைசூர் மேட்டு நிலத்திலிருந்து கர்நாடகச் சமவெளிக்கு இறங்குகிறவன் இந்த வழியாகத்தான் வர வேண்டும். அதனால் இது முதலில் படைகளின் சாலை. 1749 ஆகஸ்டில் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் கொல்லப்பட்டது ஆம்பூர்ப் போரில்தான். 1767இல் ஐதர் அலி முற்றுகையிட்டது ஆம்பூர்க் கோட்டையை. பள்ளிப் பாடத்தில் இந்தப் போர்கள் வரும். அந்தச் சாலையை மண் சுமந்து போட்டவர்கள் யார் என்பது வராது.

தாது வருஷப் பஞ்சத்தில், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணம் முழுக்க நிவாரண வேலை என்ற பெயரில் ஏழைகள் சாலையிலும் கால்வாயிலும் மண் வெட்டினார்கள். வட ஆற்காடும் அந்தப் பஞ்சத்தில் சிக்கிய மாவட்டம். 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி கூலியைக் குறைத்தார். ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஒரு அணாவும் மட்டும். நிலமில்லாத கூலிச் சாதிகளே அந்த முகாம்களை நிரப்பின. 1880களில் கோலார் தங்கவயல் சுரங்கங்கள் திறந்தபோது இதே வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து கூட்டம் கூட்டமாக மேற்கே போனார்கள். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை போடப்பட்ட ரயில் பாதை ஜோலார்பேட்டையைத் தாண்டி, 1864இல் பெங்களூர் கண்டோன்மென்ட் வரை எட்டியிருந்தது. பாதை போடவும் நாம், பாதை வழியே ஊரை விட்டு ஓடவும் நாம்.

போட்ட சாலையில் நடக்கிற உரிமை இருந்ததா என்றால் இல்லை. அக்ரகாரத் தெரு, தேரோடும் வீதி, சில ஊர்களில் சந்தைக்குப் போகிற வழி எல்லாம் நமக்கு மூடியிருந்தன. சென்னை சட்ட மேலவையில் 1924இல் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் பொதுச் சாலையிலும் தெருவிலும் வழியிலும் நடக்கலாம், பொதுக் கிணற்றையும் பயன்படுத்தலாம் என்று அரசைச் சொல்ல வைத்தது. நடப்பதற்கு ஒரு தீர்மானம் தேவைப்பட்டது என்பதை இன்றைய மாணவர்கள் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். பிறகு அரசாணையும் வந்தது. ஊர் அதை ஏற்றுக்கொண்டதா என்பது வேறு கதை. அரசாணையைத் தமுக்கடித்துச் சொல்லவே பல கிராம அதிகாரிகள் தயங்கினார்கள்.

அதே 1924 மார்ச்சில் வைக்கம் போராட்டம் தொடங்கியது. எல்லோரும் பெரியாரையும் காந்தியையும் நினைவு வைத்திருக்கிறோம். 1925இல் அது எப்படி முடிந்தது என்பதைக் குறைவாகப் பேசுகிறோம். கோயிலைச் சுற்றிய சாலைகளில் மூன்று பக்கம் திறக்கப்பட்டன, கிழக்குப் பக்கம் திறக்கப்படவில்லை. அதற்காகப் புதிதாக மாற்றுப்பாதை போட்டுக் கொடுத்தார்கள். அதாவது பிரச்சினையைத் தீர்க்க அரசு கண்டுபிடித்த வழி ஒரு பைபாஸ். அந்தச் சமரசத்தை நான் இழிவாகச் சொல்லவில்லை. மூன்று பக்கம் திறந்ததே பெரிய வெற்றி. ஆனால் ஒரு சாலையை எங்கே போடுவது என்ற 'தொழில்நுட்ப' முடிவுக்குள் சாதி எவ்வளவு அமைதியாக உட்கார முடியும் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது.

இப்போது தோலுக்கு வருவோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் டேனரிகள் நீண்ட காலம் ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோலை லண்டனுக்கு அனுப்பின. முதலாளிகளில் பெரும்பாலோர் தமிழ் முஸ்லிம் வணிகர்கள். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் தலித்துகள். 1972இல் அமைக்கப்பட்ட சீதாராமையா குழு, பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் குறைத்து முழுச் சரக்காக அனுப்ப வேண்டும் என்றது. அதன் பிறகுதான் இந்தப் பகுதி ஷூவுக்கும் ஷூ அப்பருக்கும் மாறியது. தைக்கும் மெஷின் வந்ததும் பெண்கள் வந்தார்கள், பெரும்பகுதி தலித், முஸ்லிம் பெண்கள். அப்பா டேனரிக்கு நடந்தே போனார். அது சேரிக்குப் பக்கத்தில், ஆற்றோரம் இருந்தது. மகள் ஷூ கம்பெனிக்குப் போகிறாள். அது நெடுஞ்சாலையோரம் இருக்கிறது, ஏனென்றால் கன்டெய்னர் லாரி அங்கேதான் திரும்ப முடியும். கம்பெனி சாலையைத் தேடிப் போனது. தொழிலாளி அந்தச் சாலையைக் கடந்து போக வேண்டியதாயிற்று.

இதே காலத்தில் சாலை விரிந்தது. 1990களின் கடைசியில் வாஜ்பாய் அரசு தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தைத் தொடங்கியது, மொத்தம் 5,846 கிலோமீட்டர். கிருஷ்ணகிரியிலிருந்து ராணிப்பேட்டை வரை அன்று தேசிய நெடுஞ்சாலை 46 என்று அழைக்கப்பட்ட நம் சாலை நான்கு வழியானது. 2010இல் எண்கள் மாற்றப்பட்டபோது டெல்லியிலிருந்து சென்னை வரும் 48ஆம் எண் சாலையின் கடைசித் துண்டாக அது ஆனது. 2011இல் கிருஷ்ணகிரி முதல் வாலாஜாபேட்டை வரை 148 கிலோமீட்டரை ஆறு வழியாக்கும் வேலை தனியாரிடம் சுங்க வசூல் உரிமையோடு போனது. பள்ளிகொண்டாவிலும் வாணியம்பாடியிலும் சுங்கச்சாவடிகள்.

சுங்கம் என்ற ஏற்பாட்டைக் கவனியுங்கள். இருசக்கர வண்டிக்குச் சுங்கம் கிடையாது. சைக்கிளுக்கும் நடக்கிறவருக்கும் கேள்வியே இல்லை. சலுகைதான், மறுக்கவில்லை. ஆனால் வசூல் கணக்கை நம்பி நடக்கிற சாலையில், எந்த வருமானமும் தராத ஆள் எங்கே நிற்பார்?

சாலையைத் திட்டமிடுகிறவர்கள் விரிவான திட்ட அறிக்கை என்று ஒன்று தயாரிப்பார்கள். அதற்காகச் சாலையோரம் ஆள் உட்கார்ந்தோ கேமரா வைத்தோ வாகனங்களை எண்ணுவார்கள். எண்ணியதைக் காருக்குச் சமமான அலகாக மாற்றுவார்கள். இந்தியச் சாலைகள் மன்றத்தின் 1990ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி கார் 1, மோட்டார் சைக்கிள் 0.5, பஸ்ஸும் லாரியும் 3. மாட்டு வண்டிக்குக்கூட ஒரு எண் உண்டு. நடக்கிற மனிதருக்கு அந்தப் பட்டியலில் எண் இல்லை. சாலைக்கு எத்தனை வழி வேண்டும், எங்கே மேம்பாலம் வேண்டும் என்பதெல்லாம் இந்தக் கூட்டுத்தொகையிலிருந்து பிறக்கிறது.

பாதசாரிக்குத் தனியாக ஒரு கணக்கு இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். நம் தோழர்கள் இதை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. ஒரு மணி நேரத்தில் சாலையைக் கடக்கிறவர்களின் எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அதே மணி நேரத்தில் ஓடுகிற வாகனங்களின் எண்ணிக்கையை அதே எண்ணால் ஒருமுறை பெருக்குங்கள். இரண்டையும் பெருக்கி வருவது, மீடியன் உள்ள சாலையில் 20 கோடியைத் தாண்டினால் அங்கே சிக்னலோ வேறு ஏற்பாடோ உள்ள பாதசாரிக் கடவை தேவை. மீடியன் இல்லாத சாலைக்கு 10 கோடி போதும். பெரிய எண்ணாகத் தெரிகிறதல்லவா? போட்டுப் பாருங்கள். மணிக்கு 2,000 வாகனம் ஓடும் இடத்தில் 2,000ஐ 2,000ஆல் பெருக்கினால் 40 லட்சம். அதை 50ஆல் பெருக்கினால் 20 கோடி. அதாவது மணிக்கு 50 பேர் கடந்தாலே போதும்! ஒரு ஷூ கம்பெனியின் ஒரு ஷிப்ட் விட்டால் ஐந்து நிமிஷத்தில் அதற்கு மேல் கடக்கிறார்கள். அரசின் சொந்தச் சூத்திரமே நம் பக்கம் பேசுகிறது. காகிதத்தில் அந்த 50 பேர் ஏறவில்லை, அவ்வளவுதான்.

ஏன் ஏறவில்லை? எண்ணுகிற இடமும் நேரமும் ஒரு காரணம். வாகனம் எண்ணுகிறவர் ஊருக்கு வெளியே, திருப்பம் இல்லாத இடத்தில் உட்காருகிறார். இன்னொரு காரணம் மோசமானது. ஒரு இடத்தில் மீடியன் இடைவெளியை அடைத்துவிட்டால் அங்கே கடக்கிறவர் குறைவார்கள். ஒன்றரை கிலோமீட்டர் சுற்றிப் போவார்கள், அல்லது வேலையையே விட்டுவிடுவார்கள். பிறகு எண்ணினால் "இங்கே தேவை இல்லை" என்று வரும். பாலம் இல்லாத ஆற்றில் எத்தனை பேர் நீந்துகிறார்கள் என்று எண்ணிவிட்டுப் பாலம் வேண்டாம் என்று சொல்வதுபோல.

நடைமேம்பாலம் வைத்தால் தீர்ந்தது என்பார்கள். நெடுஞ்சாலைக்கு மேலே ஐந்தரை மீட்டர் உயரம் விட வேண்டும். சுமார் முப்பத்தேழு படி ஏறி, முப்பத்தேழு படி இறங்க வேண்டும். எட்டு மணி நேரம் நின்றோ குனிந்தோ வேலை செய்தவளிடம் அதைக் கேட்கிறோம். இருட்டில் அந்தக் கூண்டுக்குள் தனியாக ஏற எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்? பிறகு "பாலம் கட்டிக் கொடுத்தும் பயன்படுத்தவில்லை, ஜனங்களுக்கு ஒழுங்கு இல்லை" என்று செய்தி வரும். தரைமட்டத்தில், வெளிச்சத்தோடு, நீர் தேங்காத அகலமான சுரங்கப்பாதையைத்தான் நான் ஆதரிப்பேன். நீர் தேங்காத என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஆம்பூர் ரெட்டித்தோப்பில் ரயில் பாதைக்கு அடியில் போகிற வழியில் மழைக்காலத்தில் நடந்தவர்களுக்குக் காரணம் புரியும். இன்னொன்று: நெடுஞ்சாலை நெறிமுறை நூல்களில் பாதசாரிக்கும் கால்நடைக்கும் சுரங்கப்பாதை ஒரே தலைப்பின் கீழ் வருகிறது. எங்களை எங்கே சேர்த்திருக்கிறார்கள் என்று சிரித்துக்கொள்வேன்.

2023 பிப்ரவரியில் வாணியம்பாடி அருகே சைக்கிளில் பள்ளிக்குப் போன மாணவர்கள் மூன்று பேர் கார் மோதி இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 11 அன்று தர்மஸ்தலா போய்த் திரும்பிய ஆம்பூர் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் ஏழு பேர் நாட்றம்பள்ளி அருகே உயிரிழந்தார்கள். அவர்கள் வந்த வேன் பழுதாகி நின்றது. அவர்கள் இறங்கி மீடியனில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வந்த லாரி வேனில் மோத, வேன் அவர்கள் மேல் பாய்ந்தது. உட்கார வேறு இடம் அங்கே இல்லை.

2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் 32,825. நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலை சுமார் 2 சதவீதம்தான்; சாவில் அதன் பங்கு 36 சதவீதம். இறந்தவர்களின் சாதியை யாரும் எழுதி வைப்பதில்லை. ஓட்டுநரின் தவறு, பாதசாரியின் தவறு என்ற கட்டங்கள் மட்டும் உண்டு. மூன்று ஆண்டில் ஐந்து பெரிய விபத்தோ பத்துச் சாவோ நடந்த அரை கிலோமீட்டர் இடத்துக்குக் கரும்புள்ளி என்று பெயர். அதாவது ஒரு இடம் கவனிக்கப்பட முதலில் அத்தனை பேர் சாக வேண்டும்.

சாலையை மாற்றிக் கட்டும்போது நம்மிடம் கேட்பார்களா? 1956ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி நிலம் எடுப்பதாக அறிவிப்பு வந்தால் 21 நாளுக்குள் ஆட்சேபம் தரலாம். ஆனால் அது நிலத்தில் உரிமை உள்ளவருக்கு. புறம்போக்கில் மூன்று தலைமுறையாகக் குடிசை போட்டிருப்பவரிடம் பட்டா இல்லை. எதிர்ப்பக்கம் வேலைக்குப் போகிறவளுக்கு அந்தச் சாலையோரம் ஒரு சென்ட் நிலமும் இல்லை. பொதுக்கருத்துக் கேட்புக் கூட்டமாவது உண்டா? 2013 திருத்தத்துக்குப் பிறகு, 100 கிலோமீட்டருக்கு மேல் நீளமும், இருக்கிற பாதையோடு கூடுதலாக 40 மீட்டருக்கு மேல் அகலமும் எடுக்கிற நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்குத்தான் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். ஒரு ஊரில் ஒரு மேம்பாலம் கட்ட யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

கேட்காமல் கட்டினால் என்ன ஆகும் என்பதை 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் பார்த்தோம். பாலாற்றின் மேல் வாகனங்களுக்குப் பாலம் இருக்கிறது. பாலத்துக்குக் கீழே இறங்கிச் சுடுகாட்டுக்குப் போகிற வழி ஆதிக்கச் சாதியினரின் நிலத்தின் வழியே போகிறது, அது அடைக்கப்பட்டிருந்தது. தலித் ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்த வீடியோ நாடெங்கும் பரவிய பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. பாலம் உறுதியாகத்தான் இருந்தது. அதன் வரைபடத்தில் சேரியின் வழி இல்லை.

அமெரிக்காவில் 1956இல் வந்த நெடுஞ்சாலைச் சட்டத்தின் கீழ் மாநிலங்களுக்கிடையிலான பெருஞ்சாலைகளுக்கு 90 சதவீதச் செலவை மத்திய அரசு கொடுத்தது. நகரத்துக்குள் எங்கே இடிப்பது என்று வந்தபோது கருப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளே கண்ணில் பட்டன. மயாமியில் ஓவர்டவுன், செயின்ட் பால் நகரில் ராண்டோ. ராண்டோவில் அறுநூறுக்கு மேற்பட்ட குடும்பங்கள் வீடிழந்தன. நடுத்தெருவே சாலையாகிப் போனது. அங்கிருந்தவர்கள் அதை மறக்க விடவில்லை. ஆண்டுதோறும் ராண்டோ நாள் கொண்டாடினார்கள், கதைகளைத் திரட்டினார்கள். 2015இல் நகர மேயரும் மாநிலப் போக்குவரத்துத் துறையும் மன்னிப்புக் கேட்டார்கள். ராச்செஸ்டர் நகரத்தில் 2014 முதல் 2017 வரை, பள்ளமாக ஓடிய வளையச் சாலையின் கிழக்குப் பகுதியை மண் போட்டு மூடி, சாதாரணத் தெருவாக்கினார்கள். மக்கள் கடக்கிற தெரு.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நமக்கும் அப்படி ஒரு தருணம் வருகிறது. ஒசக்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை 262 கிலோமீட்டர் பெங்களூரு–சென்னை விரைவுச்சாலைக்கு 2022 மே 26 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அது ஆம்பூரைத் தொடாமல் வடக்கே போகிறது. நெடுந்தூர லாரிகளும் கார்களும் அங்கே மாறினால், பழைய சாலையை இன்னும் வேகமாக்குவதா, அல்லது ஊருக்குள் ஓடுகிற பகுதியை ஊர்ச்சாலையாக மாற்றுவதா என்ற கேள்வி எழும். பிரியாணிக்கு நிற்கிற கார்களுக்கு எந்தக் குறையும் வராது, கவலை வேண்டாம். வேகத்தைக் குறை, நடைபாதை கொடு, கம்பெனி வாசல்களில் கடவை கொடு என்று கேட்கச் சரியான நேரம் இதுதான். வரைபடம் முடிந்த பிறகு போனால் மனு வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

மனுவோடு எண்ணும் போக வேண்டும். 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் உச்ச நீதிமன்றம் டேனரி மாசு பற்றித் தீர்ப்பளித்தபோது, மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் நிலைபெற்றது. அந்தத் தீர்ப்பில் ஒரு கணக்கு இருக்கிறது. திண்டுக்கல் பகுதியில் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் கிணறு கிணறாகப் போய் எண்ணியது. 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. அரசு எண்ணவில்லை, அவர்கள் எண்ணினார்கள். நீதிபதிகள் அதைத் தீர்ப்பில் எழுதினார்கள்.

ஆகவே ஒரு வாரம் ஒதுக்குங்கள். ஒரு கம்பெனி வாசலுக்கு இரண்டு பேர், கால் மணிக்கு ஒரு வரி. ஒருவர் கடக்கிறவர்களை எண்ணட்டும்: பெண், ஆண், பிள்ளைகள், வயதானவர், சைக்கிள் தள்ளுகிறவர். இன்னொருவர் இரண்டு திசையிலும் ஓடுகிற வாகனங்களை எண்ணட்டும். மீடியனில் எத்தனை பேர் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்றும், அடுத்த கடக்கும் இடம் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். காலை ஏழரை முதல் ஒன்பதரை, மாலை ஐந்து முதல் ஏழரை. சுடுகாட்டுக்கும் ரேஷன் கடைக்கும் பள்ளிக்கும் போகிற வழி எங்கே சாலையை வெட்டுகிறது என்று கிராமசபையில் கேட்டு வரைபடத்தில் புள்ளி வையுங்கள். பிறகு அந்த 20 கோடிக் கணக்கைப் போட்டு மாவட்ட ஆட்சியருக்கும் நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்ட இயக்குநருக்கும் ஒரே நாளில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை எண்ணாதீர்கள், கம்பெனிக்கு லீவு.